புதன்கிழமை செத்துப்போகச் சொன்னார்கள்

பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தியை, வருகிற புதன்கிழமை செத்துப்போகும்படி வாரியத்தில் சொல்லிவிட்டார்கள். பயப்படாதீர்கள் கண்ணுகளா, இது அழுகிற கதை இல்லை. சாகச் சொன்னபோது அவளே அழவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

"புதன்கிழமை எனக்குக் காலை டியூட்டி சார். சாயங்காலமா செத்தா ஆகாதா?"

இறப்புப் பிரிவு அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஆகாதும்மா. சாயங்காலம் வேற தாய்மார் சாகறாங்க. ஒருத்தங்க கப்பலோட மூழ்கறாங்க. அதுக்குத் தண்ணி நிரப்பவே பாதி நாள் போயிடும்."

"அப்ப லீவு போட்டுடறேன்."

"அதான் நல்லது."

அவள் ஏன் சாக வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த ஊரில் சில பெண்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் ஏதாவது ஒரு ஆற்றல் வந்துவிடும். ஒருத்தி பறவைகளோடு பேசுவாள். ஒருத்தி நாற்காலியைத் தொடாமலே நகர்த்துவாள். அந்த ஆற்றல் கடைசிவரை கூட இருக்க வேண்டுமென்றால் வீராங்கனை ஆக்கும் வாரியத்தில் தேர்வுக்குப் போய், 'இவள் வீராங்கனை' என்று சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பதினாறு முடிவதற்குள் வாரியம் அந்த ஆற்றலைப் பூட்டிவிடும். பூட்டினால் பூட்டியதுதான். அப்புறம் அழுது புரண்டாலும் வராது.

பஸ்காரம்மாவின் மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆள் சிறியவள், காரம் பெரியது. அவளுக்கு வந்த ஆற்றல் உள்ளங்கைச் சூடு. எதைத் தொட்டாலும் இதமாகச் சூடாகும். எரியாது, புகையாது, சூடாகும், அவ்வளவுதான். விடியற்காலையில் அம்மா டியூட்டிக்குக் கிளம்பும்போது விரல்கள் மரத்துப்போய் மடங்காது. மிளகு பாதித் தூக்கத்திலேயே எழுந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்காருவாள். விரல்கள் இளகியதும் அப்படியே சரிந்து படுத்துவிடுவாள். அந்தக் கைச்சூட்டை எவனோ வந்து பூட்டுவதா? பஸ்காரம்மா அதற்கு விடுவதாக இல்லை. அதனால்தான் வாரியத்தின் படியேறினாள்.

"எல்லாம் சரி சார், பொண்ணு பரீட்சை எழுத நான் எதுக்கு சாகணும்?" என்றாள்.

அதிகாரிக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னார்.

"அம்மா உயிரோட இருக்கிற பொண்ணு வீராங்கனை ஆனதா சரித்திரமே கிடையாது. யோசிச்சுப் பாருங்க. பொண்ணு வாளை எடுத்துக்கிட்டு இருண்ட காட்டுக்குக் கிளம்பறா. நீங்க வீட்ல இருந்தா என்ன செய்வீங்க?"

"எங்கடி போற, யார்கூட போற, எப்ப வருவேன்னு கேப்பேன்."

"அவ்வளவுதான். கதை வாசப்படியிலேயே நின்னுடுச்சு."

பஸ்காரம்மாவுக்கு அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. "அப்ப அவ அப்பா?" என்று பக்கத்தில் இருந்த கணவனைக் காட்டினாள். அவர் முடிதிருத்துபவர். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. அதிகாரியின் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருப்பதையே வேதனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாக்கள் சாக வேண்டாம். பேசாம ஓரமா உக்காந்தா போதும். கதைக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

"வீட்லயும் அப்படித்தான்" என்றாள் பஸ்காரம்மா.

புதன்கிழமை வந்தது. எப்படிச் சாக விருப்பம் என்று கேட்டார்கள். தீ, வெள்ளம், குழந்தையை நோக்கி வந்த ஈட்டியைத் தன் மார்பில் தாங்குதல், இப்படிப் பலவகை இருந்தன. எது சீக்கிரம் முடியும் என்று அவள் கேட்டதில் பெருமூச்சு என்று முடிவாயிற்று. கட்டிலில் படுத்து, மகளின் கன்னத்தைத் தடவி, ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்க்க வேண்டும். பஸ்காரம்மா படுத்தாள். தடவினாள். மூச்சை இழுத்தாள்.

"கன்னத்துல என்னடி, பேஸ்ட்டா? மூஞ்சி கழுவாமயா வந்தே?"

"அம்மா! செத்துக்கிட்டு இருக்கே, பேசாத!"

"சரி சரி" என்று சொல்லிச் செத்தாள். அதிகாரி மணியடித்தார். இரண்டு பணியாளர்கள் அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, "செருப்பை மறந்துடாதீங்கம்மா" என்று நினைவுபடுத்தி, காலமான தாய்மார் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, குடிக்கத் தண்ணீர். 'காலமானவர்கள் சத்தம் போடக் கூடாது' என்று சுவரில் எழுதியிருந்தது. அதன் கீழே காலமான தாய்மார் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேர்வு முற்றத்தைப் பார்க்க ஒரு ஜன்னலும் இருந்தது. அங்கே நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்திருந்த பல் டாக்டர் ஒருத்தி, சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க. எதுல போனீங்க?"

"பெருமூச்சு."

"புத்திசாலி. நான் ஈட்டி. மார்ல இன்னும் வலிக்குது."

முற்றத்தில் முதல் தேர்வு தொடங்கியிருந்தது. கண்ணாடித் தேர்வு. மிளகை ஒரு பெரிய கண்ணாடி முன் நிறுத்தினார்கள். வாரியத் தலைவி நேரில் வந்திருந்தார். தலையில் வெள்ளிக் கிரீடம், கழுத்தில் அடையாள அட்டை.

"கண்ணாடியைப் பார்த்து உன்னை வருணி" என்றார் தலைவி.

மிளகு பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கேன். மூக்கு எங்க அம்மா மூக்கு. அது கொஞ்சம் எடுப்பா இருக்கும்."

தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தவறு" என்றார் தலைவி. "நீ சாதாரணமானவள் என்று நீ நினைக்க வேண்டும். உன் அழகு உலகத்துக்கே தெரியும்; உனக்கு மட்டும் தெரியாது. மறுபடி சொல்."

"எனக்குத் தெரியாததை எனக்கு எப்படித் தெரியும்?"

"தோள்களைக் குறுக்கிக்கொள்."

மிளகு தோள்களைக் குறுக்கினாள். அந்த நேரம் ஜன்னலிலிருந்து ஒரு குரல் முற்றமெங்கும் கேட்டது. பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல்.

"நேரா நில்லுடி! கூன் விழுந்துடும்!"

"காலமானவர்கள் சத்தம் போடக் கூடாது" என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

அடுத்தது கூந்தல். நெருக்கடியான நேரத்தில் வீராங்கனை தன் நீண்ட கூந்தலைத் தானே வாளால் ஒரே வெட்டாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மிளகு வெட்டினாள். காற்றில் முடி பறந்தது. தேர்வாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பொது இடத்தில் குரல் உயர்த்தியதே இல்லை.

"யாருய்யா இப்படி வெட்டச் சொன்னது? வலது பக்கம் காதுக்கு மேல, இடது பக்கம் தோளுக்குக் கீழ! எந்தக் கடையிலயாவது இப்படி அனுப்புவாங்களா?"

"இது கலகத்தின் குறியீடு" என்றார் தலைவி.

"கோணலா இருக்கே!" என்றார் அப்பா. அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்று முழுவதும் அவர் கை தானாகக் கத்தரிக்கோல் பிடிப்பதுபோல அசைந்துகொண்டே இருந்தது.

பிறகு மர்ம இளைஞன். இருண்ட கண்களோடு சுவரில் சாய்ந்து நின்று, 'என்னை நெருங்காதே, நான் ஆபத்தானவன்' என்று சொல்வது அவன் வேலை. வாரியத்தில் அது நிரந்தரப் பணியிடம். பதவி மூப்பின்படி நிரப்பப்படுவது. இப்போது இருந்தவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார்.

"என்னை நெருங்காதே" என்றார்.

"சரிங்க அங்கிள்" என்று மிளகு நகர்ந்தாள்.

"இல்லம்மா, நெருங்கணும். நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல நீ நெருங்கணும்."

"வேண்டாம்னு சொன்னா எதுக்கு நெருங்கணும்? மரியாதை இல்லாம?"

மர்ம இளைஞன் யோசித்தார். இத்தனை வருஷ சர்வீஸில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "மூட்டு வலிக்குது, கொஞ்சம் உக்காரட்டுமா?" என்றார். மிளகு அவர் முழங்காலில் கையை வைத்தாள். சூடு இறங்க இறங்க அவருடைய ஆபத்தான முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. "அப்படியே கொஞ்சம் மேல... ஆங், அங்கதான்" என்றார். ஆபத்துக்கு அரை மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை.

ஜன்னலில் பஸ்காரம்மா கைதட்டினாள். "பாத்தீங்களா என் பொண்ணை?" என்று பல் டாக்டரின் தோளில் இடித்தாள். "உங்க பொண்ணுக்கு எப்பத் தேர்வு?"

"அவ போன வருஷமே பாஸாயிட்டா."

"அப்ப இன்னும் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

பல் டாக்டர் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையா? நாம திரும்பி வந்தா பொண்ணோட சான்று செல்லாது. அம்மா உயிரோட இருக்கிற பொண்ணு வீராங்கனை இல்லையே. அப்புறம் ஆற்றலைப் பூட்டிடுவாங்க. அதான் இங்கயே இருக்கோம்."

"எதுவரைக்கும்?"

"பொண்ணு கதைக்கு மூணாம் பாகம்னு ஒண்ணு வந்தா அதுல திரும்பி வரலாமாம். ஆனா வில்லியாத்தான் வரணும். நான் கறுப்பு அங்கிக்கு அளவுகூடக் குடுத்துட்டேன்."

பஸ்காரம்மா இறப்புப் பிரிவுக்கு ஓடினாள். செத்தவள் ஓடி வருவதைப் பார்த்து அதிகாரி பதறி எழுந்தார்.

"ஒரு நாள் சாவுன்னுதானே நான் வந்தேன்? நாளைக்கு எனக்கு டியூட்டி இருக்கு!"

"சாவுல அரை நாள், ஒரு நாள்னெல்லாம் கிடையாதும்மா."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே. எப்ப சாகறதுன்னு கேட்டீங்க, எப்படி சாகறதுன்னு கேட்டீங்க. எப்பத் திரும்பறதுன்னு நீங்க கேட்டிருந்தா, வாரியம் எதையும் மறைக்காது."

பஸ்காரம்மாவுக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாயில் வந்தது நிறைய. கூடத்துக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பூட்டினால் பூட்டியதுதான் என்பது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "பொண்ணு ஜெயிக்கட்டும்" என்றாள். "நான் செத்தே இருந்துட்டுப் போறேன். எனக்கும் அங்கிக்கு அளவு எடுத்துக்கச் சொல்லுங்க." பல் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் அவளைக் கூப்பிட ஆள் வந்தான். மூடுபனிக் காட்சி. தேர்வின் நடுவில் சோர்ந்து விழும் பெண்ணுக்கு இறந்த தாய் மூடுபனியில் தோன்றி, 'மகளே, எல்லாம் உனக்குள்ளேயே இருக்கிறது' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பனிக்கு ஏற்பாடாக, சலவைக் கூடத்திலிருந்து ஆவியைக் குழாய் வழியே கொண்டுவந்திருந்தார்கள். சோப்பு மணம் கமகமத்தது. பஸ்காரம்மா ஆவிக்குள் நின்றாள். எதிரில் கோணல் முடியோடு மகள்.

"மகளே" என்று ஆரம்பித்தாள். "எல்லாம் உனக்குள்ளேயே..." குரல் இறங்கிவிட்டது. "இருக்கு. ஆனா வீட்ல சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு. காஸை மூடிட்டுப் படு. உங்க அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடு, தானா போடமாட்டார். அப்புறம்... ராத்திரி போர்வையை உதறிட்டுப் படுக்காத, இனிமே போத்திவிட..."

மிளகு ஆவிக்குள் கையைவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"இனிமேன்னா? ஏம்மா இனிமேன்னு சொல்றே?"

"ஒண்ணுமில்லடி."

"உனக்குப் பொய் சொல்ல வராது. மூக்கு விடைக்குது. சொல்லு."

பஸ்காரம்மா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ அதப்பத்தி யோசிக்காத. உன் கைச்சூடு போயிடக் கூடாது. நீ ஜெயிச்சுட்டு வா" என்றாள். மிளகு அம்மாவின் முழங்கையை விடாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு பனியிலிருந்து வெளியே வந்தாள்.

முற்றத்தில் தலைவி முடிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு பெண்ணும் தனித்தன்மை கொண்டவள். ஆகவே ஒவ்வொருத்திக்கும் அதே வாள், அதே அங்கி, அதே சோகம் வழங்கி வருகிறோம். பெண் தன் பாதையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் வாரியம் மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டிய பாதைக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறோம். கோட்டைவிட்டு விலகுபவர்களை நாம் மன்னிப்பதில்லை. ஏனென்றால், கட்டுப்பாடுகளை உடைப்பதில் நமக்கென்று கட்டுப்பாடுகள் இருக்கின்றன!"

பலத்த கைதட்டல். அது ஓய்வதற்குள் மிளகு மேடையேறிவிட்டாள். பின்னால் சோப்பு மணத்தோடு செத்துப்போன அம்மா.

"எனக்குச் சான்று வேணாம்" என்றாள் மிளகு. "எங்கம்மா உயிரோடதான் இருக்காங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தலைவி முகம் மலர்ந்தது. "ஆகா, கலகம்! உணர்ச்சி நன்றாக இருக்கிறது." அதிகாரி ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவி முகம் மாறியது.

"கலகம் காலையிலேயே முடிஞ்சுபோச்சும்மா" என்றார் அதிகாரி மிளகிடம். "சாப்பாட்டுக்கு முன்னாடி. முஷ்டியை உயர்த்தி, அந்தப் பலகை மேல நின்னு செய்யணும். இப்ப செய்யறது ஒழுங்கீனம்."

"அப்ப ஒழுங்கீனம்னே வச்சுக்குங்க."

"ஆற்றல் போயிடும்டி!" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மேடம், இவ சின்னப் பொண்ணு, தெரியாம பேசறா. நான் செத்துட்டேன். நல்லா செத்துட்டேன். இதோ பாருங்க" என்று மேடையிலேயே படுத்துக் கண்ணை மூடினாள்.

மிளகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எழுந்திரும்மா. யாரு கையைச் சூடுபண்ண எனக்கு இது? நீ இல்லாம நான் எதைத் தொடறது, தயிர்ச் சட்டியையா?"

அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். மகளின் முகம் காலையில் பேஸ்ட் ஒட்டியிருந்த முகம்தான். ஆனால் அதில் கெஞ்சல் இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"பூட்டிக்குங்க" என்று மிளகு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள்.

பூட்டுவது என்பது வேறொன்றுமில்லை கண்ணுகளா. ஆற்றல் எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடத்தில் வாரியத்தின் மந்திர அரக்கை உருக்கி ஊற்றி, உறைந்ததும் முத்திரை குத்துவார்கள். வாரியம் தோன்றிய காலத்திலிருந்து அப்படித்தான். பறவைகளோடு பேசுபவளுக்கு நாக்கின் நுனியில், நாற்காலி நகர்த்துபவளுக்கு நெற்றியில். உறைந்த அரக்கைக் கடப்பாறை வைத்தாலும் பெயர்க்க முடியாது.

அதிகாரி மிளகின் உள்ளங்கையில் அரக்கு ஊற்றினார். எல்லாரும் உறைவதற்காகக் காத்திருந்தார்கள். அது உறையவில்லை. அவள் கைச்சூட்டில் இளகி, விரலிடுக்கு வழியாக ஒழுகி, அதிகாரியின் ஷூவில் சொட்டியது. ஷூவில் உடனே உறைந்தது.

"இன்னொரு தடவை" என்றார் தலைவி.

இன்னொரு தடவை ஊற்றினார். அதுவும் ஒழுகியது.

"மேடம், இந்தப் பொண்ணுக்குக் கை சூடா இருக்கு" என்றார் அதிகாரி மெல்ல.

"அதனால்தானே பூட்டுகிறோம்?"

"சூடா இருக்கிறதால உறைய மாட்டேங்குது மேடம்."

"விதி என்ன சொல்கிறது?"

"உறையும்வரை ஊற்றணும்னு சொல்லுது."

"அப்படியானால் ஊற்றுங்கள். விதியைவிட நீங்கள் பெரியவரா?"

ஊற்றினார்கள். ஒரு வாளி ஊற்றினார்கள். கிடங்கிலிருந்து உருட்டி வந்தார்கள், அண்டாவில் உருக்கினார்கள், மறுபடி ஊற்றினார்கள். அரக்கு மேடையெங்கும் ஓடிப் படியிறங்கியது. அதிகாரி நின்ற இடத்திலேயே நின்றார், நகர முடியவில்லை. தலைவியின் அங்கி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் சாய்ந்திருந்த மர்ம இளைஞன், "நெருங்காதே! நெருங்காதே!" என்று முதன்முறையாக மனசாரக் கத்தினார். அரக்கு கேட்கவில்லை.

மிளகு கையை நீட்டியபடியே நின்றாள். "போதுமா, இன்னும் இருக்கா?" என்றாள்.

கிடங்குப் பணியாளன் வந்து, "அரக்கு தீந்துபோச்சு மேடம். ஒரு துண்டுகூட இல்ல" என்றான்.

தலைவி நாற்காலியோடு எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கம்பீரமாக அறிவித்தார். "சூட்டுக்கு இளகாத அரக்கு உண்டா என்று ஆராய ஒரு குழு அமைக்கிறேன். குழு அறிக்கை தரும்வரை இந்த ஊரில் யாருடைய ஆற்றலையும் பூட்ட இயலாது. வாரியத்தின் வெற்றிகளில் இதையும் ஒன்றாகக் கருதுகிறேன்."

கைதட்ட ஆசைப்பட்டவர்களுக்குக் கை ஒட்டியிருந்தது.

ஜன்னலில் நின்ற பல் டாக்டர்தான் முதலில் புரிந்துகொண்டாள். "யாரையும் பூட்ட முடியாதாமே!" என்று கத்தினாள். காலமான தாய்மார் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. செருப்பு மாறிப்போனதைப் பற்றிச் சண்டை வந்தது. அப்புறம், தண்ணீரில் போனவள், தீயில் போனவள், ஈட்டியில் போனவள் எல்லாரும் கலகலவென்று வாசலுக்கு வந்தார்கள்.

மேடையில் ஒட்டியிருந்த அம்மாவின் புடவையை மிளகு தொட்டு இளக்கிவிட்டாள். பஸ்காரம்மா டிப்போவுக்குப் போய் வண்டியைக் கேட்டாள். நீங்கள் செத்துவிட்டதாக வாரியத்திலிருந்து தகவல் வந்திருக்கிறதே என்றார் டிப்போ மேலாளர். "வந்தா என்ன? செத்தவங்களை வீட்ல விடத்தான் வண்டி கேக்கறேன்" என்றாள் அவள். வெளியே கூட்டமாக நின்று முறைத்த தாய்மாரை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் சாவியைக் கொடுத்தார்.

பஸ் நிறைந்துவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் இருக்கு!" என்று பஸ்காரம்மா பழக்கத்தில் சத்தம் போட்டாள். அப்பா ஏறியதும் நேரே மகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, வண்டி கிளம்புமுன் இடது பக்கத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அவசரமாக வேலையில் இறங்கினார்.

மிளகு அம்மாவுக்குப் பக்கத்தில் கம்பியோரம் நின்றாள். புறங்கையில் ஒட்டியிருந்த அரக்கை உள்ளங்கையால் தேய்த்து இளக்கினாள்.

"ஏண்டி" என்றாள் அம்மா பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பியபடி, "நான் செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டியா?"

"அழலாம்னுதான் தொண்டையெல்லாம் கனைச்சு வச்சிருந்தேன். நீ ஜன்னல்ல நின்னு கூன் விழுந்துடும்னு கத்தினே. அப்புறம் எப்படி அழறது?"

"சரி விடு. அடுத்த தடவை ஒழுங்கா சாகறேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றாள் மிளகு. சட்டென்று சொல்லிவிட்டாள். கண் நிறைந்துவிட்டது, அதை அப்பா வெட்டுகிற முடிமேல் பழிபோட்டு, தோளால் துடைத்துக்கொண்டாள்.

அம்மா கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கம்பியப் பிடிச்சுக்கோ" என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.